சூடேறாத துணி உலர்த்தி

டிரம் வழக்கம்போலச் சுழலும். விசிறியின் ஓசையும் கேட்கும். ஆனால் உள்ளே செல்லும் காற்று சூடாகாது. ஒரு மணி நேரம் கழித்துத் திறந்தால் துணி ஈரமாகவே இருக்கும். மின்சாரத் துணி உலர்த்திகளில் அடிக்கடி காணப்படும் பழுதுகளுள் இது ஒன்று. ஹீட்டர் எரிந்துவிட்டது என்றே பெரும்பாலோர் முடிவுசெய்கின்றனர். ஆனால் பல நேரங்களில் ஹீட்டர் நல்ல நிலையிலேயே இருக்கும். காற்றோட்டம் தடைப்பட்டு இயந்திரம் அளவுக்கு மீறிச் சூடானதால், உள்ளே இருக்கும் ஒரு சிறு பாதுகாப்பு உறுப்பு ஹீட்டருக்குச் செல்லும் மின்சாரத்தைத் துண்டித்திருக்கும். அதாவது, இன்று சூடு வராத உலர்த்தி நேற்று மிகையாகச் சூடேறிய உலர்த்தியாக இருக்கக்கூடும். இதை உணராமல் அந்த உறுப்பை மட்டும் மாற்றினால் பழுது திரும்ப வரும். அதை ஒரு துண்டுக் கம்பியால் தாண்டி இணைத்தால் தீப்பிடிக்கும் வாய்ப்பு உண்டு.

மணிமங்கலமும் மூன்று மாத ஈரமும்

மணிமங்கலம் காஞ்சிபுரம் மாவட்டத்தில், தாம்பரத்துக்கு மேற்கே, ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் அருகில் உள்ள ஊர். 7ஆம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் முதலாம் நரசிம்மவர்மன் சாளுக்கியப் படையை வென்ற களங்களுள் ஒன்றாக வரலாற்று நூல்கள் இதைக் குறிப்பிடுகின்றன. இன்று இந்த வட்டாரம் கார், டயர், மின்னணுப் பொருள் தொழிற்சாலைகளால் அறியப்படுகிறது. சுங்குவார்சத்திரத்தில் 2007 முதல் இயங்கும் சாம்சங் ஆலையில் குளிர்பதனப் பெட்டி, தொலைக்காட்சி ஆகியவற்றுடன் துணி துவைக்கும் இயந்திரங்களும் தயாராகின்றன. வல்லம் வடகாலில் பெண் தொழிலாளர்கள் 18,720 பேர் தங்கக்கூடிய குடியிருப்பு வளாகம் 2024 ஆகஸ்ட்டில் திறக்கப்பட்டது. இவை தவிர, வாடகை வீடுகளிலும் தனியார் விடுதிகளிலும் ஏராளமான தொழிலாளர்கள் தங்கியுள்ளனர்.

ஆண்டின் ஒன்பது மாதங்கள் இங்கு உலர்த்திக்கு வேலையே இல்லை. மொட்டைமாடிக் கொடியில் போட்ட துணி இரண்டு மணி நேரத்தில் மொடமொடவென்று காய்ந்துவிடும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைக் காலத்தில்தான் சிக்கல். இரவுப் பணி முடித்து வருபவர் துவைத்துப் போடும் சீருடை அடுத்த பணி நேரத்துக்குள் காய வேண்டும். அறையில் கட்டிய கொடியில் அது இரண்டு நாளானாலும் முடை நாற்றத்தோடு தொங்கும்.

ஒன்பது மாதம் சும்மா கிடப்பதே இவ்வூர் உலர்த்திகளுக்கு ஒரு பழுதுக் காரணம். பால்கனியில் நிற்கும் இயந்திரத்தின் வெளிக்காற்றுக் குழாய்க்குள் குளவி கூடு கட்டும். பின்பக்க இடைவெளி வழியாக எலி நுழைந்து ஒயரைக் கடிக்கும். கட்டுப்பாட்டுப் பலகையின் மீது பல்லி ஏறிச் செத்துக் கிடப்பதும், சுவிட்சுக்குள் எறும்பு புகுவதும் மெக்கானிக்குகள் அன்றாடம் காண்பவை. ஈரக் காற்றில் இணைப்பு முனைகளில் பச்சை பூக்கும். முதல் மழை நாளில் பொத்தானை அழுத்தும்போதுதான் இவை எல்லாம் தெரியவரும்.

பெயரில் ஒரு குழப்பம்

தமிழ்நாட்டு வீடுகளில் ‘டிரையர்’ என்ற சொல் இரண்டு வேறு பொருள்களுக்கு வழங்குகிறது. இரட்டைத் தொட்டி கொண்ட செமி ஆட்டோமேட்டிக் துவைப்பு இயந்திரத்தின் சிறிய தொட்டியையும் டிரையர் என்றே அழைப்பர். அது துணியை வேகமாகச் சுழற்றித் தண்ணீரைப் பிழிந்து எடுப்பது மட்டுமே; அதில் ஹீட்டர் கிடையாது. ‘டிரையர் சூடாகவில்லை’ என்று புகார் பதிவுசெய்து, வந்து பார்த்த மெக்கானிக்கிடம் வருகைக் கட்டணம் மட்டும் கொடுத்து அனுப்பும் வீடுகள் இதனால் உண்டு.

உண்மையான உலர்த்திகள் நான்கு வகைப்படும். முதல் வகை, ஈரக்காற்றைக் குழாய் வழியாக வெளியே தள்ளும் வெண்டட் உலர்த்தி. இரண்டாவது, ஈரத்தை உள்ளேயே குளிரவைத்துத் தண்ணீராக்கிச் சேமிக்கும் கண்டென்சர் உலர்த்தி. மூன்றாவது, குளிர்சாதனப் பெட்டியில் உள்ளதுபோல் கம்ப்ரசர் கொண்ட ஹீட் பம்ப் உலர்த்தி. நான்காவது, துவைப்பதையும் உலர்த்துவதையும் ஒரே டிரம்மில் செய்யும் வாஷர்-டிரையர். கடைசி வகையில் இரண்டு ஹீட்டர்கள் இருக்கும். ஒன்று துவைக்கும் நீருக்கு, மற்றொன்று உலர்த்தும் காற்றுக்கு. நீர் சூடாவதை வைத்துக் காற்று ஹீட்டரும் நலம் என்று முடிவுகட்ட முடியாது. இவ்வகை இயந்திரம் 8 கிலோ துணி துவைத்தால் 5 கிலோ அளவுதான் உலர்த்தும். துவைத்த மொத்தத்தையும் அப்படியே உலர்த்த விட்டுவிட்டு, சூடு போதவில்லை என்று குறைப்படுவோர் பலர்.

சூடு எதற்கு

பிழிந்த பிறகும் துணியில் நிறைய நீர் தங்கியிருக்கும். நிமிடத்துக்கு 1,000 சுற்று வேகத்தில் பிழிந்த 5 கிலோ பருத்தித் துணியில் சுமார் 3 கிலோ நீர் எஞ்சும். ஒரு கிலோ நீரை ஆவியாக்க ஏறக்குறைய 2,400 கிலோஜூல் வெப்பம் தேவை. ஆக, 3 கிலோ நீருக்கு 7,200 கிலோஜூல், அதாவது 2 யூனிட் மின்சாரம். வழியில் வீணாகும் சூட்டையும் சேர்த்தால் ஒருமுறை உலர்த்த 3 யூனிட்டுக்குக் குறையாது. வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கிடைக்கும் 100 யூனிட் இலவச மின்சாரம் முழுவதையும் 33 முறை துணி உலர்த்தியே தீர்த்துவிடலாம்.

காற்றைச் சூடாக்கினால் அதன் தாகம் கூடுகிறது என்பதே உலர்த்தியின் அடிப்படை. மழை நாளில் 28 டிகிரி வெப்பமும் 85 சதவீத ஈரப்பதமும் உள்ள காற்றை 60 டிகிரிக்குச் சூடாக்கினால், அதன் ஈரப்பதம் சுமார் 16 சதவீதமாகச் சரிகிறது. நீரின் அளவு மாறவில்லை. நீரை ஏற்கும் இடம் பெருகிவிட்டது. சூடாக்காத காற்றில் மணிக்கணக்காகச் சுழன்றாலும் மழைக்காலத் துணி காயாததற்கு இதுவே காரணம். சூடான காற்று ஈரத்தை எடுத்துக்கொண்டு வெளியேறவும் வேண்டும். வெளியேறும் வழி அடைபட்டால் அதே காற்று ஹீட்டரைச் சுற்றித் தேங்கி மேலும் மேலும் சூடாகும்.

ஹீட்டருக்கு மின்சாரம் போகும் பாதை

வீட்டு உலர்த்தியின் ஹீட்டர் பெரும்பாலும் 2,000 முதல் 2,500 வாட் வரையிலான நிக்ரோம் கம்பிச் சுருள், அல்லது அக்கம்பியை உள்ளடக்கிய உலோகக் குழாய். நிக்கலும் குரோமியமும் சேர்ந்த இக்கலவைக்கு ஆல்பர்ட் மார்ஷ் 1906இல் காப்புரிமை பெற்றார். செக்கச்சிவக்கச் சூடாகியும் எளிதில் துருப்பிடிக்காத இதன் இயல்பே ரொட்டி வாட்டும் கருவி முதல் உலர்த்தி வரை எல்லாவற்றுக்கும் அடிப்படை.

மின்சாரம் ஹீட்டரை அடையும் முன் பல காவலர்களைத் தாண்ட வேண்டும். கதவு சுவிட்ச் மூடியிருக்க வேண்டும். மோட்டார் ஓட வேண்டும். டிரம்மைச் சுற்றும் பெல்ட் அறுந்தால் ஹீட்டரை அணைக்கும் சுவிட்ச் பல மாதிரிகளில் உண்டு. கட்டுப்பாட்டுப் பலகையில் உள்ள ரிலே இணைய வேண்டும். தெர்மோஸ்டாட், குறிப்பிட்ட சூட்டில் பாதையைத் திறந்து, குளிர்ந்ததும் தானே மூடிக்கொள்ளும். புதிய இயந்திரங்களில் தெர்மிஸ்டர் என்னும் உணரி வெப்பநிலையைப் பலகைக்குத் தெரிவிக்கும். எல்லாவற்றுக்கும் கடைசியாக நிற்பது வெப்ப உருகி அல்லது கட்-அவுட். கட்-அவுட்டை அதன் சிறு பொத்தானை அழுத்தி மீட்கலாம். வெப்ப உருகி ஒருமுறை அறுந்தால் அறுந்ததுதான்.

கதவு சுவிட்ச், மோட்டார், பெல்ட் ஆகியவை தவிர மற்ற எந்தக் காவலர் மறித்தாலும் பெரும்பாலும் டிரம் சுழலும், விளக்கு எரியும், சூடு மட்டும் வராது. எனவே ‘சூடு இல்லை’ என்ற ஒரே அறிகுறியை வைத்து எந்த உறுப்பையும் வாங்கிவிடக் கூடாது.

கழற்றுவதற்கு முன்

முதலில் பார்க்க வேண்டியது தேர்ந்தெடுத்த நிரல். குளிர்காற்று நிரல் பல இயந்திரங்களில் உண்டு. பொத்தான் அதில் நின்றிருந்தால் ஹீட்டர் இயங்காது. சுழற்சியின் கடைசிப் பத்து நிமிடங்களில் துணி சுருங்காமல் இருக்க ஹீட்டர் தானாக அணைக்கப்படுவதும் வழக்கம். சில மாதிரிகளில் முழுச் சூடு, அரைச் சூடு என்று இரண்டு நிலைகள் இருக்கும்.

அடுத்து மின்னழுத்தம். ஹீட்டரின் திறன் மின்னழுத்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 230 வோல்ட்டில் 2,000 வாட் தரும் ஹீட்டர், 180 வோல்ட்டில் சுமார் 1,225 வாட்தான் தரும். மாலையில் எல்லா வீட்டிலும் மோட்டாரும் ஏ.சி.யும் ஓடும் தெருவில் ‘சூடு குறைவு’ என்பது இயந்திரத்தின் பழுதாக இல்லாமல் போகலாம். இரவு பதினொரு மணிக்கு மேல் ஒருமுறை ஓட்டிப் பார்ப்பது செலவில்லாத சோதனை.

2,000 வாட் ஹீட்டர் 8.7 ஆம்பியர் மின்னோட்டம் இழுக்கும். இதை 6 ஆம்ப் பிளக்கிலோ, மலிவான எக்ஸ்டென்ஷன் பாக்ஸிலோ செருகினால் முனைகள் கருகி மின்னழுத்தம் அங்கேயே விழும். உலர்த்திக்குத் தனிப் பவர் பிளக்கும் சரியான எர்த் இணைப்பும் அவசியம். பிளக் முள் பழுப்பேறியிருந்தால், அல்லது ஓட்டத்தின்போது பிளக்கைத் தொட்டால் கை சுட்டால், பழுது இயந்திரத்துக்கு வெளியிலேயே இருக்கிறது.

ஹீட்டர் மின்சாரம் எடுக்கிறதா என்பதை இயந்திரத்தைத் தொடாமலே அறிய ஒரு வழி உண்டு. வீட்டின் மின்னணு மின்கட்டண மீட்டரில் ஒரு சிவப்பு விளக்கு மின்னிக்கொண்டே இருக்கும். ஒரு யூனிட்டுக்கு எத்தனை மின்னல் என்பது மீட்டரின் முகப்பிலேயே அச்சிடப்பட்டிருக்கும்; 3,200 என்பது பரவலாகக் காணப்படும் எண். வீட்டில் மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு உலர்த்தியை மட்டும் ஓட்டினால், ஹீட்டரும் மோட்டாரும் சேர்ந்து 2,200 வாட் எடுக்கும்போது விளக்கு ஏறக்குறைய நொடிக்கு இருமுறை மின்னும். மோட்டார் மட்டும் 200 வாட் எடுத்தால் ஐந்தாறு நொடிக்கு ஒருமுறைதான் மின்னும். விரைவாக மின்னத் தொடங்கிச் சில நிமிடங்களில் மந்தமாகி, மறுபடி விரைவானால், தெர்மோஸ்டாட் அடிக்கடி துண்டிக்கிறது. காற்றோட்டத்தைச் சந்தேகிக்க வேண்டும்.

காற்றோட்டத்தைப் பார்ப்பது எளிது. கதவருகே உள்ள பஞ்சு வடிகட்டியை எடுத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடிக்கலாம். பஞ்சை உருட்டி எடுத்த பிறகும் வலையின் மீது கண்ணுக்குத் தெரியாத ஒரு மெழுகுப் படலம் படிந்திருக்கும். துணி மென்மையாக்கும் திரவத்தால் வருவது அது. வடிகட்டியில் தண்ணீர் ஊற்றினால் நிற்காமல் கீழே வழிய வேண்டும். தேங்கினால் சோப்பும் பழைய பல்துலக்கியும் கொண்டு கழுவ வேண்டும். வெண்டட் வகையில் பின்புறக் குழாயைக் கழற்றி உள்ளே பார்க்க வேண்டும். இடமில்லாத பால்கனிகளில் இயந்திரத்தைச் சுவரோடு ஒட்டித் தள்ளிக் குழாயை நசுக்கி வைத்திருப்பது மிகப் பரவலான தவறு. கண்டென்சர் வகையில் கீழ்ப் பகுதியில் உள்ள கண்டென்சரை இழுத்துக் கழுவலாம்.

இணையக் காணொளிகளில் ஓர் எச்சரிக்கை

உலர்த்திப் பழுது பற்றி இணையத்தில் கிடைக்கும் காணொளிகளில் பல அமெரிக்காவைச் சேர்ந்தவை. அங்கு மின்சார உலர்த்தியின் மோட்டார் 120 வோல்ட்டிலும் ஹீட்டர் 240 வோல்ட்டிலும் இயங்கும். வீட்டுக்கு வரும் இரண்டு மின்கம்பிகளில் ஒன்றின் பிரேக்கர் விழுந்தால் மோட்டார் ஓடும், ஹீட்டர் ஓடாது. ஆகவே ‘முதலில் பிரேக்கரைப் பாருங்கள்’ என்பது அங்கு பொருத்தமான அறிவுரை. இந்திய வீட்டு உலர்த்தியில் மோட்டாரும் ஹீட்டரும் ஒரே 230 வோல்ட் ஒற்றைக் கட்ட இணைப்பில் இயங்குவதால், டிரம் சுழலும்போது பிரேக்கரைக் குறைசொல்ல வழியில்லை. அங்கு பரவலாக உள்ள எரிவாயு உலர்த்திகள் பற்றிய காணொளிகளும் இங்குள்ள வீட்டு இயந்திரங்களுக்கு உதவா.

உள்ளே சோதித்தல்

பிளக்கைப் பிடுங்கிய பிறகே மூடியைக் கழற்ற வேண்டும். சுவிட்சை அணைத்தால் போதும் என்பது ஆபத்தான நம்பிக்கை. சுவிட்ச் ஃபேஸ் கம்பிக்குப் பதில் நியூட்ரலைத் துண்டிக்கும்படி இணைக்கப்பட்ட வீடுகள் உண்டு. மோட்டாரின் கப்பாசிட்டரில் பிளக்கைப் பிடுங்கிய பின்னும் மின்னேற்றம் தங்கியிருக்கலாம். தகட்டு விளிம்புகள் கத்திபோல் இருக்கும் என்பதால் கையுறை நல்லது. எந்த ஒயர் எங்கே இருந்தது என்பதைக் கைப்பேசியில் படமெடுத்து வைத்துக்கொள்வதை அனுபவமுள்ள மெக்கானிக்குகளும் தவறாமல் செய்கின்றனர்.

டெஸ்டர் இங்கே பயன்படாது, மல்டிமீட்டர் வேண்டும். ஹீட்டரின் இரு முனைகளிலிருந்தும் ஒயரை எடுத்துவிட்டு மின்தடையை அளந்தால், 2,000 வாட் ஹீட்டருக்குச் சுமார் 26 ஓம், 2,500 வாட்டுக்குச் சுமார் 21 ஓம் காட்ட வேண்டும். எண்ணே வரவில்லை என்றால் கம்பி அறுந்துள்ளது. இரண்டு சுருள் கொண்ட ஹீட்டரில் ஒன்று மட்டும் அறுந்தால் பாதிச் சூடு வரும். துணி காயும், ஆனால் இரு மடங்கு நேரமாகும். ஹீட்டர் முனைக்கும் உடல் தகட்டுக்கும் இடையே மின்தடை குறைவாகக் காட்டினால் மின்கசிவு உள்ளது. 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. உள்ள வீட்டில் உலர்த்தியைப் போட்டதும் அது விழுவதற்கு இதுவே வழக்கமான காரணம். ஆர்.சி.சி.பி. இல்லாத வீட்டில் அதே கசிவு ஆளைத் தாக்கும்.

குளிர்ந்த நிலையில் தெர்மோஸ்டாட்டும் வெப்ப உருகியும் பூஜ்யத்தை ஒட்டிய ஓம் காட்ட வேண்டும். தெர்மிஸ்டர் வேறு மாதிரி. பல மாதிரிகளில் அது 25 டிகிரியில் சுமார் 10,000 ஓம் காட்டும். உள்ளங்கையில் பொத்திப் பிடித்தால் எண் மெல்லக் குறைய வேண்டும். குறையாமல் நின்றால் பலகை தவறான வெப்பநிலையை நம்பிக்கொண்டிருக்கிறது. இவை எல்லாம் சரியாக இருந்தால் மட்டுமே ரிலேயையும் கட்டுப்பாட்டுப் பலகையையும் பார்க்க வேண்டும். ரிலேயின் இணைப்பு முனைகள் கருகுவது உண்டு. அதைத் தனியாக மாற்றத் தெரிந்தவர்கள் இருக்கின்றனர். ‘போர்டு போச்சு’ என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லும் மெக்கானிக்கிடம், ஹீட்டர் எத்தனை ஓம் காட்டியது என்று கேட்பதில் தவறில்லை.

வெப்ப உருகி

சோதனையில் வெப்ப உருகி அறுந்திருப்பது தெரிந்தால் பழுது கிடைத்துவிட்டது என்று மகிழ்வது இயல்பு. அது அறுந்ததற்கு ஒரு காரணம் இருக்கும் என்பதே இங்கு முக்கியம். வடிகட்டி அடைபட்டிருக்கலாம், குழாய் நசுங்கியிருக்கலாம், விசிறியின் இறக்கை மோட்டார் தண்டில் நழுவலாம், தெர்மோஸ்டாட் ஒட்டிக்கொண்டு துண்டிக்காமல் விட்டிருக்கலாம், ரிலேயின் முனைகள் உருகி ஒட்டி ஹீட்டர் அணையாமல் எரிந்திருக்கலாம். ஓட்டத்தின் நடுவே மின்தடை ஏற்படுவதும் ஒரு காரணம். விசிறி சட்டென்று நின்றுவிட, சிவந்திருந்த ஹீட்டரின் சூடு வெளியேற வழியின்றி அந்த இடத்திலேயே ஏறும். மழைக்கால மின்வெட்டுகளில் இது நடக்கக்கூடியது. வெளியே எந்தத் தவறும் தென்படாது.

காரணத்தைக் கண்டு நீக்கிய பிறகே புதிய உருகியைப் போட வேண்டும். உருகியின் மேல் வெப்பநிலையும் ஆம்பியரும் பொறிக்கப்பட்டிருக்கும்; இரண்டும் பழையதோடு ஒத்திருக்க வேண்டும். சென்னை ரிச்சி தெருவில் வெப்ப உருகிகள் சில்லறையில் கிடைக்கும், விலையும் சொற்பம். ‘கொஞ்சம் அதிக டிகிரி போட்டால் அடிக்கடி போகாது’ என்ற யோசனையை ஏற்கக் கூடாது. கம்பி வடிவ உருகியைப் பற்றவைக்கவும் கூடாது. ஈயப் பற்றின் சூட்டிலேயே அது அறுந்துவிடும். அழுத்தி இறுக்கும் இணைப்பே சரி.

உருகி கைவசம் இல்லாதபோது, அதன் இரு முனைகளையும் கம்பியால் இணைத்து ஓட்டிவிடும் வழக்கம் பழுதுபார்ப்போரிடையே உண்டு. இயந்திரம் உடனே சூடாகும். வாடிக்கையாளரும் திருப்தியோடு பணம் கொடுப்பார். ஆனால் ஹீட்டருக்கும் பஞ்சுத் தூசிக்கும் இடையே கடைசியாக நின்ற தடை அன்றோடு இல்லாமல் போகிறது. உலர்ந்த பஞ்சு, அடுப்பு மூட்டப் பயன்படும் அளவுக்கு எளிதில் பற்றும் பொருள்.

அமெரிக்கத் தீயணைப்பு நிர்வாகத்தின் கணக்குப்படி, 2008 முதல் 2010 வரை அந்நாட்டு வீடுகளில் ஆண்டுக்குச் சுமார் 2,900 உலர்த்தித் தீ விபத்துகள் நிகழ்ந்தன. ஆண்டுக்கு ஐந்து பேர் இறந்தனர், நூறு பேர் காயமுற்றனர். முதன்மைக் காரணம் சுத்தம் செய்யாமல் விட்டதே. பிரிட்டனில் நிகழ்ந்தது வேறு வகை. 2004 முதல் 2015 வரை தயாரான ஹாட்பாயிண்ட், இண்டெசிட், கிரெடா முதலிய பெயர்களில் விற்ற உலர்த்திகளில், மிகுதியான பஞ்சு ஹீட்டரைத் தொட வாய்ப்புள்ளது என்று அவற்றின் உரிமை நிறுவனமான வேர்ல்பூல் 2015 நவம்பரில் அறிவித்தது. ஆள் அருகில் இருக்கும்போது பயன்படுத்தலாம் என்பதே முதலில் தரப்பட்ட அறிவுரை. 2016 ஆகஸ்ட்டில் லண்டன் ஷெப்பர்ட்ஸ் புஷ் பகுதியின் 18 மாடிக் குடியிருப்பில் ஓர் இண்டெசிட் உலர்த்தியிலிருந்து தீ பரவி, நூற்றுக்கு மேற்பட்ட குடும்பங்கள் வெளியேற நேர்ந்தது. பிளக்கைப் பிடுங்கிவைக்கும்படி 2017இல் அறிவுரை மாற்றப்பட்டது. 2019இல் எஞ்சிய இயந்திரங்கள் திரும்பப் பெறப்பட்டன. ஆளில்லாத நேரத்திலும் உறங்கும்போதும் உலர்த்தியை ஓட்டக் கூடாது என்ற எச்சரிக்கைக்குப் பின்னால் இத்தகைய அனுபவங்கள் உள்ளன. மூன்று ஷிப்டுகளில் மாறி மாறி உறங்கும் விடுதிகளில் அதைக் கடைப்பிடிப்பது எளிதல்ல என்பதும் உண்மை.

ஹீட் பம்ப் வகை

இதில் பெரும்பாலும் ஹீட்டர் கம்பியே இருக்காது. டிரம்முக்குள் காற்று 50 டிகிரி அளவில்தான் இருக்கும். துணி வெதுவெதுப்பாக வெளிவரும். பழைய வெண்டட் இயந்திரத்திலிருந்து இதற்கு மாறியவர்கள் இதைப் பழுது என்று எண்ணுவது உண்டு. துணி காய்ந்தால் பழுது இல்லை. காயாவிட்டால், குளிரும் தகட்டுச் சுருளில் பஞ்சு படிந்திருக்கிறதா என்று பார்க்கலாம். அதற்கு மேல் வீட்டில் செய்வதற்கு ஒன்றுமில்லை. புதிய மாதிரிகளில் உள்ள ஆர்290 வாயு புரொப்பேனே என்பதால், குழாயை அறுப்பதும் பற்றவைப்பதும் பயிற்சி பெற்றவரின் வேலை.

விடுதிகளின் பெரிய இயந்திரங்கள்

பெரிய விடுதிகளிலும் சலவை நிலையங்களிலும் உள்ள உலர்த்திகள் மூன்று கட்ட மின்சாரத்தில் இயங்குபவை. மூன்றில் ஒரு ஃபேஸ் போய்விட்டால், மோட்டார் மற்ற ஃபேஸ்களில் இயங்கும் மாதிரிகளில் டிரம் சுழன்றுகொண்டே இருக்கும்; நியூட்ரல் இணைப்பில்லாத ஹீட்டரின் சூடு பாதியாகிவிடும். ஸ்டார் இணைப்பாயினும் டெல்டா இணைப்பாயினும் இந்தப் பாதிக் கணக்கு மாறாது. பாதிச் சூடு என்றதும் ஹீட்டரைக் கழற்றாமல், மூன்று ஃபேஸும் வருகின்றனவா, கான்டாக்டரின் மூன்று முனைகளும் ஒட்டுகின்றனவா என்று முதலில் பார்ப்பது நேரத்தை மிச்சப்படுத்தும்.

இங்கு இன்னொரு ஆபத்து எண்ணெய்த் துணி. சமையல் எண்ணெய் படிந்த துணி உலர்த்தியின் சூட்டில் ஆக்சிஜனோடு வினைபுரிந்து தானாகவே மேலும் சூடேறும். குவித்து வைத்தால் சூடு வெளியேறாமல் தீப்பற்றும். விடுதிச் சமையலறைத் துணிகளும், தீபாவளி எண்ணெய்க் குளியலுக்குப் பின் துவட்டிய துண்டுகளும் இவ்வகையே. நல்லெண்ணெய் இதில் தேங்காய் எண்ணெயைவிட விரைவாக வினைபுரியும். தொழிற்சாலைச் சீருடையில் பெட்ரோலோ தின்னரோ பட்டிருந்தால் அதன் ஆவியே எரியக்கூடியது. இத்துணிகளைச் சுடுநீரில் நன்கு துவைத்து, இயன்றவரை கொடியிலேயே காயப்போடுவது பாதுகாப்பு. உலர்த்தியின் கடைசிக் குளிர்காற்றுக் கட்டத்தை நடுவில் நிறுத்தக் கூடாது என்பதற்கும் இந்தச் சூட்டுக் குவியலே காரணம்.

உதிரிப் பாகமும் புகாரும்

உத்தரவாதக் காலத்தில் மூடியைத் திறந்தால் உத்தரவாதம் போய்விடலாம் என்பதால், வடிகட்டியும் குழாயும் தவிர மற்றவற்றை நிறுவனத்திடமே விட வேண்டும். ஒன்றிய நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் ‘பழுதுபார்க்கும் உரிமை’ இணையதளத்தைத் தொடங்கியது. நிறுவனங்கள் தங்கள் பழுதுபார்ப்பு, உதிரிப் பாக விவரங்களை அதில் தருகின்றன. உதிரிப் பாகம் தர மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் செய்யலாம்.

வெள்ளத்தில் நின்ற உலர்த்தி

மணிமங்கலம் ஏரியின் உபரிநீர் அடையாற்றுக்குச் செல்கிறது. 2015 டிசம்பர் முதல் நாளில் தொடங்கிய மழையில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. பதிவானபோது, முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளில் தரைத்தளங்கள் மூழ்கின. இத்தகைய வெள்ளத்தில் நின்ற உலர்த்தியை, வெளியே காய்ந்துவிட்டது என்று நம்பி இயக்கக் கூடாது. உலோகக் குழாய் ஹீட்டருக்குள் மின்காப்பாக நிரப்பப்பட்டுள்ள மெக்னீசியம் ஆக்சைடு தூள் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். மோட்டார் சுருளும் அப்படியே. ஹீட்டர் பகுதியையும் மோட்டாரையும் தனித்தனியே கழற்றிச் சேற்றைக் கழுவி, பல நாள் உலரவிட்டு, 500 வோல்ட் மெகரால் மின்காப்பைச் சோதிக்க வேண்டும். அளவு ஒரு மெகாஓமுக்குக் கீழே இருந்தால் மீண்டும் உலரவிட வேண்டும். நீரில் நின்ற கட்டுப்பாட்டுப் பலகையும் தெர்மோஸ்டாட்டும் வெப்ப உருகியும், சோதனையில் சரியாகக் காட்டினாலும், மாற்றப்பட வேண்டியவையே.